இருபத்தைந்து ஓம்

ஏங்க, எனக்கு முதல் ஷிப்டு, பஸ் வந்துவிடும். அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. குளிக்க வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். வாட்டர் ஹீட்டரை மறுபடியும் பெட்ரூம் பிளக்கில் செருகாதீர்கள்.

அந்த பிளக் கருகியதற்கு நேற்று அத்தை முன்னால் என்ன சொன்னீர்கள்? "மீட்டர்ல ஜீரோதான் காட்டுது. ஹீட்டர் மேல தப்பில்ல, நீதான் போட்டுட்டு மறந்துட்ட."

ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் என் கிளாம்ப் மீட்டரை எடுத்து முழு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் ஜீரோதான் காட்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஐ.டி.ஐ.யில் முதல் மாதப் பாடம் அது.

இன்று காலை கிச்சன் பெரிய பிளக்கில் போட்டு, ஒற்றை ஒயரை மட்டும் பிரித்துப் பிடித்தேன். 9 ஆம்பியர். வோல்டேஜ் 225. வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் 25 ஓம், பெருக்கினால் 2025 வாட். நீங்கள் ஆசையாக வாங்கி வந்த ஹீட்டரில் ஒட்டியிருப்பது 1000 வாட். பெட்ரூமில் இருக்கும் ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்பதை எப்படித் தாங்கும்?

மைன்ஸில் நான் சொல்லும் ரீடிங்கை நம்பித்தான் பெல்ட் மோட்டாரையே ஓட்டுகிறார்கள். நீங்களும் நம்பலாம்.

எழில்மதி, எலெக்ட்ரீஷியன்

பி.கு.: கணக்கைப் பின்பக்கம் போட்டிருக்கிறேன். அத்தை எழுந்ததும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். நேற்றுப் பேசிய அதே சத்தத்தில்.