கேட்காமல் போட்ட கையெழுத்து

அப்பா,

நேரில் உங்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் இப்போது எழுதுவதற்கு மன்னியுங்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும் உங்கள் கம்பளிக் கோட்டை இன்று எடுத்தேன். கோடாரித் தைல வாசம் இன்னும் போகவில்லை. அதோடு உங்கள் குரலும் வந்துவிட்டது.

சட்டம் படிக்கத் தொடங்கிய வருடம், இங்கே ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் ஸ்டேஷனில் இறங்கி, நனைந்தபடியே வந்து உங்களிடம் சொன்னேன்: "அரசாங்கம் யாரோட வேணும்னாலும் ஒப்பந்தம் போடலாம்பா. ஆனா சனங்க உரிமையை எடுக்கணும்னா பார்லிமென்ட்தான் சட்டம் போடணும்." நம் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவளின் பெருமை எனக்கு.

தேநீரைக் கீழே வைக்காமலே சிரித்தீர்கள், பேச்சில் ஒட்டிக்கொண்ட அந்த மலேசிய 'லா'வோடு. "கல்யாணம் முடிஞ்சப்புறம் அட்சதை போடுற ஆளுங்க லா, உன் பார்லிமென்ட்."

மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த கதையை அன்றுதான் முழுதாகச் சொன்னீர்கள். தலைவர்கள் ரகசியமாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோலாலம்பூர் பார்லிமென்டுக்கு மசோதா வந்தது. ஒரே நாளில் நிறைவேறியது. சிங்கப்பூர் சட்டமன்றத்தை யாரும் கேட்கவே இல்லை. மலேசியக் கரையில் ஜொகூரில் நீங்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் உங்கள் அம்மா.

"காலையில எழுந்தப்ப ஒரே நாடு. மத்தியானம் சோறு திங்கிறப்ப எங்கம்மா வெளிநாட்டுக்காரி. எங்களை ஒரு வார்த்தை கேட்டானுங்களா?"

அடுப்படியில் அம்மாவின் கத்தி ஒரு நொடி நின்று, மறுபடி நறுக்கியது. எனக்கு எங்கள் ஜொகூர் வீடு நினைவுக்கு வந்தது. அங்கே நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், வீட்டை விற்று விசாவும் வாங்கிய பிறகு வந்து, "அடுத்த மாசம் ஆக்லாந்து" என்றீர்கள்.

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல."

உங்களுக்கு அதை மற்றவர்கள் செய்தபோது துரோகம். எங்களுக்கு நீங்கள் செய்தபோது குடும்பப் பொறுப்பு.

இப்போது அம்மா ஜொகூருக்கே திரும்பி, சித்தியோடு இருக்க ஆசைப்படுகிறார். டிக்கெட் போடட்டுமா என்றால் உங்கள் படத்தைப் பார்க்கிறார். "அவரைக் கேக்கணும் லா" என்கிறார். யாருமே கேட்காத மனுஷி, செத்தவரின் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். என்னிடம் சட்டப் பட்டம் இருக்கிறது. இதற்கு அதில் ஒரு பிரிவும் இல்லை.

கோபம் ஆறவில்லை அப்பா. ஆறும் என்றும் தோன்றவில்லை. எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்னும், இது யாரைத் தொடுமோ அவரைக் கேட்டாயிற்றா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நீங்கள் செய்யாமல் விட்டதிலிருந்து படித்தது அது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் கனவில் வருவதாக அம்மா சொல்கிறார். அடுத்த முறை வந்தால் போ என்றோ இரு என்றோ சொல்லிவிடாதீர்கள். உனக்கு என்ன வேணும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை நில்லுங்கள்.