அச்சு கம்பெனிக்குச் சொந்தம்

4 ஆகஸ்ட் 2025
கோடு போட்ட நோட்டுதான். எழுத்துதான் கோட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. சில எழுத்து பூசணிக்காய், சில எழுத்து எறும்பு. பின்னால் இதைப் படிக்கப்போகும் உலகநாதன், அதாவது நானேதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்து மூன்று வயதில், சாராள் டீச்சரின் முதியோர் வகுப்பில் பழகிய கை இது. இவ்வளவுக்கே முக்கால் மணி நேரம். ஜெகதாம்பாள் எட்டிப் பார்த்தாள்.
"இன்னா, எனக்கு சொத்து எழுதிக்கினு கீறியா?"
ஆமாம் என்றேன். பெண்டாட்டிக்கு நான் வேறு என்ன எழுத?

6 ஆகஸ்ட்
வேன் கம்பெனியிலிருந்து ஹேமந்த் என்பவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். பழைய வேனில் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் கப்பலில் வர வேண்டும், இரண்டு மாதமாக வரவில்லையாம். இனி ஒரு மணி நேரத் தூரத்திலேயே செய்ய ஆள் தேடுகிறார்கள். அந்த புஷ்ஷை அவர்களுக்கு ஆறு வருடம் செய்தது நாங்கள்தான். 2005இல் ஆர்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டது. இப்போது மகள் சங்கரி பம்பு வாஷர் போட்டுப் பட்டறையை ஓட்டுகிறாள்.
"அச்சு சொந்தமா வச்சிருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல மேடம். புதுசா வெட்ட ரொம்ப நாளாகும்."
"எங்களோடதே கீது சார்" என்றாள் சங்கரி. பரண்மேல், புடவைத் துணியில் சுற்றி, புஷ் வார்க்கும் இரும்பு அச்சு.

7 ஆகஸ்ட்
இன்று பூராவும் அந்த நாள்தான் கண்ணில். ஜெகதாம்பாள் சுடச்சுட புஷ்ஷை எடுத்துக் கத்தரியால் பிசிறு வெட்டுவாள். ஒன்று என்று சொல்லாமல் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். முதல் லோடு ஏறிய அன்று பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். தூரத்தில் ஒரு கப்பல். "நம்ம புஷ்ஷு அதுல போவுமா?" என்று கேட்டாள். எவ்வளவு சிரித்தோம்.

10 ஆகஸ்ட்
டிரங்குப் பெட்டியில் பழைய காகிதம் ஒன்று. கீழே என் பெருவிரல் ரேகை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'அச்சு கம்பெனிக்குச் சொந்தம். ஆர்டர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.'
இருபது வருடம். யாரும் வந்து கேட்கவில்லை, அதனால் நம்மது என்று நினைத்து —
ஜெகதாம்பாளிடம் காட்டினேன். அவள் ஐந்தாவது படித்தவள்.
"இப்பதான் படிச்சியா? நான் அன்னிக்கே படிச்சேன்."
"ஏன் சொல்லல?"
"சொன்னா அன்னிக்கே தோள்ல தூக்கிக்கினு போய் குட்த்துட்டு வந்திருப்ப. திரும்பி வருவானுங்கன்னு வச்சிருந்தேன். இல்லன்னா ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதுக்கு எதுக்கு எண்ணெ போடறேன்?"

11 ஆகஸ்ட்
ஹேமந்திடம் சொல்லிவிடலாம் என்றேன். சங்கரி வேண்டாம் என்கிறாள். "சொன்னா, அச்ச எடுத்துகினு போய் பெரிய கம்பெனிக்குக் குட்த்துடுவாங்க நைனா. ஆர்டரும் போயிடும்."
அவள் சொல்வது சரிதான். இன்னா பண்றது? படிக்காமயே இருந்திருக்கலாமோ?
இல்லை. ரேகை என்னுடையது.

14 ஆகஸ்ட்
என் முதல் கடிதம். ஐந்து தாள் கிழித்தேன்.
'ஐயா, அச்சு உங்களுடையது. என் மகள் தெரியாமல் சொல்லிவிட்டாள். துரு இல்லை. வந்து பாருங்கள். உலகநாதன்.'
சங்கரி இரண்டு தரம் படித்தாள். "நீயே எழுதினியா? இத்த எப்படி கிழிக்கறது" என்று அவளே ஹேமந்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

21 ஆகஸ்ட்
ஹேமந்த் வந்தார், ஒரு வண்டியோடு. அச்சை ஏற்றிப் போகத்தான் என்று நினைத்தேன். அச்சைப் பிரித்து உள்ளே விரலால் தடவினார்.
"இருபது வருஷமா? யாரு எண்ணெய் போட்டது?"
ஜெகதாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஐம்பது புஷ் போட்டுக் காட்டச் சொன்னார். சங்கரி போட்டாள், என் கிழவி பிசிறு வெட்டினாள். லாபம், ரெண்டு, மூணு. ஐம்பதையும் எடுத்துக்கொண்டு போனார். அச்சு இங்கேயே.

27 ஆகஸ்ட்
பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. கம்பெனியிலிருந்து பேச்சு இல்லை.

3 செப்டம்பர்
ஹேமந்த் ஆர்டர் கொண்டுவந்தார். பாதி.
"பாதியா?" என்றாள் சங்கரி.
"ஒரே இடத்த நம்பித்தான் மேடம் மாட்டிக்கிட்டோம். இனிமே பாதி கப்பல்ல, பாதி உங்ககிட்ட."
எனக்கு இது போதும். அன்று முழுசும் எங்களிடம் இருந்தது, போனபோது முழுசாகப் போனது. பம்பு வாஷரை விட்டுவிடாதே என்றேன். "விட்டாதான நைனா" என்றாள்.
பட்டறை இன்னும் என் பெயரில்தான். புதுக் காகிதத்திலும் அதே வரி: அச்சு கம்பெனிக்குச் சொந்தம். கீழே ஒரு வரி கூடுதல்: பாதுகாப்பு உலகநாதன் பட்டறை. நான் படித்து முடிக்கும் வரை ஹேமந்த் காத்திருந்தார், டீ ஆறிவிட்டது. ரேகைக்கு மை டப்பாவை யாரும் எடுக்கவில்லை. கையெழுத்தில் 'தன்' மட்டும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
அடுத்த புதன் முதல் லோடு ஏறும். அன்றைக்கே மாமல்லபுரம் போகணும் என்கிறாள் ஜெகதாம்பாள். கப்பல் தெரிந்ததா என்று வந்து எழுதணும்.