கொக்கியில் மாட்டாத நூல்

இன்று காலை தையல் மிஷினில் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டிவிட்டது. பிரித்துப் பார்த்தால், ஊசிக்கு மேலே ஏறி இறங்குமே அந்தக் கொக்கி, அதில் நூலை மாட்டாமலேயே தைக்க உட்கார்ந்திருக்கிறேன். வெறும் மறதிதான். ஆனாலும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு உன் நாற்காலியைப் பார்த்தேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு மாடியில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய தையல் கடை இது. கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலில் வந்து, நான் டீ வாங்கி வருவதற்குள் பத்து பாபினில் நூல் சுற்றி வைத்துவிடுவாய். நூல் கோத்து, கீழ் நூலை மேலே இழுத்து, இரண்டு நுனியையும் ஊசிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, வெட்டுத்துணியில் நான்கு தையல் ஓட்டிப் பார்க்காமல் யாருடைய ரவிக்கையையும் தொடமாட்டாய். நான் அவசரக்குடுக்கை. "மொதல்ல நூலைப் பாருடி, அப்புறம் துணியைப் பாரு" என்று தினமும் திட்டு வாங்குவேன்.

அப்படிப்பட்ட நீ, அந்தத் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொக்கியை விட்டுவிட்டாய்.

"என்னடி, புருஷன் ஞாபகமா?" என்றேன். சிரித்தாய். மறுநாளும் விட்டாய். அதற்கடுத்த நாள் இடது கையிலிருந்து நூல் நுனி நழுவிக்கொண்டே இருந்தது. நழுவுவதே உனக்குத் தெரியவில்லை.

"கை மரத்துப் போச்சா?"

"ஒன்னுமில்ல லா. தலை கொஞ்சம் பாரமா இருக்கு. தீபாவளி முடியட்டும், கிளினிக் போறேன்."

அப்போதே உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மறுநாளிலிருந்து உனக்கு முன்பே வந்து, உன் மிஷினுக்கும் நூல் கோத்து வைத்தேன். வாடிக்கையாளர்கள் முன்னால் நீ தடுமாறக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், முடிக்காத ரவிக்கைகள் அலமாரி நிறையக் கிடந்தன. உன் கை நின்றால் கடையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் எனக்கு.

"நீ கோத்து வச்சா எனக்கென்ன கவலை" என்றாய். அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு, முற்பகலில், உன் மிஷின் நிற்காமல் ஓடியது. துணி முடிந்த பிறகும் ஓடியது. எரிச்சலோடு திரும்பினேன். நீ மேசைமேல் சாய்ந்து கிடந்தாய். கால் மட்டும் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: "முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா? கை மரத்துப்போறது, பொருள் நழுவுறது?"

உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நாள் முழுக்க உன்னோடு இருந்தவள் நான்தானே.

"இல்ல டாக்டர், நல்லாத்தான் இருந்தா" என்றேன்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் வீட்டுக்காரர் முறுக்கு டின்னோடு இந்தப் படியேறி வருகிறார். நேற்றும் வந்தார். "கடைசி வரைக்கும் நீங்க கூட இருந்து பாத்துக்கிட்டீங்க, அதுதாம்மா எனக்கு ஆறுதல்" என்றார். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.