கறுப்பு ஆஸ்டினின் பின் இருக்கை

என் மச்சானுக்கு, நீங்கள் இல்லாத வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதமாகிவிட்டது. போடியில் மழை பிடித்துக்கொண்டது. ஏலக்காய்க் கிட்டங்கியில் நான்கு கார்களும் நீங்கள் நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றன.

மலைத் தோட்டங்களை விட்டுப் போன துரைமார்களிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தீர்கள். மதுரையிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் திறந்து காட்டுவீர்கள். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்தால், "இது என்ன பொருட்காட்சியா? சோலியப் பாத்துப் போங்கப்பா" என்பீர்கள். என்னையும் ஒருநாள்கூட உள்ளே உட்காரச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஏன் கேட்காமல் இருந்தேன்?

போன மாதம் சிலமலையிலிருந்து பேச்சி என்றொரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும்.

"அம்மா, அந்தக் கறுப்புக் கார ஒரு தடவ பாத்துக்கிறட்டுமா? நான் பொறந்தது அதுலதான்."

அவள் தாய் மலையில் ஏலக்காய் பறித்தவளாம். வலி கண்டதும் துரை தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பாதி வழியில், ஒரு வளைவில், பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் தாய் போய்விட்டாள்.

"எங்காத்தா மொகங்கூட எனக்குத் தெரியாதும்மா. அவ கடேசியா இருந்த எடம் அதுதான். முன்னாடியே ரெண்டு தரம் வந்தேன்."

"ஐயாட்ட இதச் சொன்னியா?"

"ரெண்டாந்தரம் சொன்னேம்மா. ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாக."

உள்ளே வந்து என்னிடமும் நீங்கள் சொல்லவில்லையே மச்சான். என்ன நினைத்துக்கொண்டு வந்தீர்கள்?

பூட்டைத் திறந்தேன். பேச்சி பின் இருக்கையில் உட்கார்ந்து தோலை மெல்லத் தடவினாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து இடம் விட்டாள். "நீங்களும் வாங்கம்மா."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, இன்னொருத்தி கூப்பிட்டு உங்கள் காரில் உட்கார்ந்தேன். அழுதது நான்தான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டங்கியைத் திறந்து வைக்கிறேன். தேவாரம் ஊரிலிருந்தெல்லாம் பார்க்க வருகிறார்கள். யாராவது ஹாரனை அமுக்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். பஸ் நேரமானதும் போய்விடுகிறார்கள். பிறகு நானும் நான்கு கார்களும்தான்.

மதுரைக்காரர் ஒருவர் ஆஸ்டினை விலைக்குக் கேட்டார். "குடுக்கிறதா இல்லைங்க" என்று அனுப்பிவிட்டேன்.

நீங்கள் கோபப்படுவீர்களோ என்று ஞாயிறுதோறும் தோன்றுகிறது. கோபித்தாவது ஒரு வார்த்தை பேசமாட்டீர்களா?

இனி யாரையும் வாசலோடு அனுப்பமாட்டேன், மச்சான். உங்கள் கார்கள் என்றே எல்லோரிடமும் சொல்வேன். கதவைத் திறந்தது மட்டும் நான்.

உங்கள் தாய்மாமன் மகள்