மொட்டைமாடியைப் பூட்டிவிட்டு வந்தோம்

அன்பு மகன் பாண்டியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நிஷா மூன்று பேரும் நலம். இந்த வார்த்தையைப் பொய்யில்லாமல் எழுதி எத்தனையோ மாதமாகிறது கண்ணு. வெளிநாட்டில், அந்தக் கால்கரி ஊர்க் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். திருமுல்லைவாயில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருநின்றவூரில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். கோபப்படாமல் முழுசும் படி.

நம் மொட்டைமாடி உனக்கு ஞாபகம் இருக்கும். சித்திரை வெயில் தாழ்ந்ததும் நீ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையை ஆற வைத்துப் பாய் விரிப்பாய், குட்டி நிஷா உன் தோளில் ஏறிக்கொண்டு மீனம்பாக்கம் போகிற விமானத்தைப் பார்த்து "எறங்கு, எறங்கு" என்று கத்துவாள், ஆவடி ரயில் சத்தத்தையும் மீறி அது கீழே அடுப்படியில் எனக்குக் கேட்கும். நீ போன பிறகும் அவள் படித்தது, பாடியது, சிநேகிதி ரோஷினியோடு கதை பேசியது எல்லாம் அங்கேதான். போன வருஷம் தை மாதம் பின்பக்கக் காலி மனையில் யாரோ பழைய சாமான் கொட்டகை போட்டார்கள். சாயங்காலமானால் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள், கருப்புப் புகை நேராக நம் மாடிக்கு வரும். ஜன்னலைச் சாத்தினோம், காயப்போட்ட துணியை உள்ளே கொண்டுவந்தோம், அவளை மாடிக்குப் போகாதே என்றோம். இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். இருமல் கொஞ்சம் நின்றது, பிள்ளை மாறிப் போனாள். தூக்கமில்லை, சொன்னது மறந்துபோகும், தோசை ஆறிவிட்டது என்று தட்டை வீசினாள், அப்புறம் மூலையில் உட்கார்ந்து அழுதாள். எல்லாம் செல்போனால் வந்தது என்று அப்பா அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார், ஒன்றும் மாறவில்லை. அரைப் பரீட்சையில் வெறும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டால், "கையே வர்லம்மா, நெஞ்சு அட்ச்சிகினே கீது, மூச்சு உள்ள போலன்னா செத்துடுவேனோன்னு பயமா கீது" என்றாள். அன்றைக்கே நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

நெஞ்சு டாக்டர் பார்த்து மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார். வானகரத்திலிருந்து உன் மனோகரன் சித்தப்பா வந்து, "இன்னா அண்ணி, பொண்ண பைத்தியக்கார டாக்டராண்ட இஸ்துகினு போறீங்களாம்" என்றார், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு மறுநாளும் கூட்டிப்போனேன். டாக்டரம்மா வெகுநேரம் நிஷாவோடு தனியாகப் பேசினார். புகை மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் வளர்கிற வயதில் கெட்ட காற்றைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் மனசும் சேர்ந்து தளரும், மூச்சு முட்டினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பயம் பெரிதாகும், இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும், முதலில் நல்ல காற்றில் தூங்கட்டும் என்றார். தெருவே சேர்ந்து மனு கொடுத்தது, சில நாள் நிறுத்துவார்கள், மறுபடி எரியும். அப்பா பிறந்த வீடு அது, உன் தாத்தா வயலெல்லாம் போன பிறகும் மிச்சம் வைத்த மனை, அப்பா வாயால் போகலாம் என்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு நாள் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவர், "ஊடு எங்க போவப் போவுது? மொதல்ல புள்ள மூச்சு உடட்டும்" என்றார். கிளம்பும்போது மாடிக் கதவுக்கு அவர்தான் பூட்டுப் போட்டார், பூட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

இங்கே ஏரிக் காற்று வருகிறது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, இன்னும் வாராவாரம் டாக்டரம்மாவிடம் போகிறோம், சில நாள் பேசாமலே இருப்பாள். ஆனால் தூங்குகிறாள். நேற்று டிவிக்காக அப்பாவோடு சத்தம் போட்டுச் சண்டை போட்டாள், நான் அடுப்படியில் நின்று ஆசை தீரக் கேட்டேன். அங்கே நம் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் பிள்ளைகள் இன்னும் அந்தப் புகையில்தான் இருக்கிறார்கள், அதுதான் என் மனசை அரிக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அவர்களோடு சேர்ந்து அந்தக் கொட்டகையை எடுக்க வைக்க அலைகிறார்.

நீ வரும்போது இங்கே உனக்குத் தனி அறை இல்லை, ஹாலில்தான் படுக்க வேண்டும். நீ போன இடத்தில் நல்ல காற்றும் நல்ல மனிதர்களும் உனக்கு வாய்க்கட்டும், மாசிலாமணீஸ்வரர் துணை இருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே. தங்கச்சியிடம் பேசும்போது மார்க்கைக் கேட்காதே. தூங்கினாயா என்று கேள்.

உன் அம்மா,
சாமுண்டீஸ்வரி