ஆற்காட்டுத்துறைக்குப் படம் தெரிந்தது

19 நவம்பர் 2071, காலை
மரகதம் ஒளிபரப்பு நிலையம், பூமிக்கு மேலே வழக்கமான இடத்தில். பணியில் இருப்பது கயற்கண்ணி, நான் ஒருத்தி மட்டும். இலவச சேனல்கள் பன்னிரண்டும் சீராகப் போகின்றன.
நேயர் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்தாயிற்று. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "சிக்னல் இல்லைன்னு வருது, என்ன செய்ய?" டிஷ்ஷுக்கு முன்னால் மரம் வளர்ந்திருக்கிறதா பாருங்கள். கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். சேனல்களை மறுபடி தேடவிடுங்கள். கம்பம் ஊரிலிருந்து ஒருவர், "இலவசம்னா பெட்டிய எதுக்கு மேடம் நாங்க வாங்கணும்?" என்று நேற்று கேட்டதையே கேட்டார். நேற்று சொன்னதையே சொன்னேன்.
மாற்று ஆள் வருவது மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது.

21 நவம்பர், முற்பகல்
ஏதோ ஒரு கல் வந்து மோதியதில் சூரியத் தகடு ஒன்று போய்விட்டது. இன்னொன்றில் வெடிப்பு. மின்சாரம் குறைந்துகொண்டே வருகிறது. புயல் படம் காட்டும் எச்சரிக்கை சேனலைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினேன். கேள்விகள் குவிகின்றன. "பாட்டு சேனல் எங்கங்க?" "நான் எதையோ அமுக்கிட்டேனா?"
தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சிவநேசன்: "கயல், மீட்புக் கலத்துல ஏறி இறங்கிடுங்க. நிலையம் போனா போகட்டும்."
வங்கக் கடலில் புயல். கரையோரத்தில் செல்போன் கோபுரங்கள் விழுந்துவிட்டன. அங்கே போய்ச் சேர்வது இந்த ஒரு சேனல்தான். ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரும் ஓடவில்லை, கையால் திருப்ப ஆள் வேண்டும். புயல் கரையைக் கடக்கட்டும், வருகிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அவருடைய குடும்பம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது.

22 நவம்பர், பிற்பகல்
மின்சாரத்தை மிச்சப்படுத்த அறையின் வெப்பமூட்டியை நிறுத்திவிட்டேன். இரண்டு சட்டை போட்டும் குளிர் போகவில்லை.
கடலோர ஆற்காட்டுத்துறையின் புயல் காப்பகத்திலிருந்து வயர்லெஸ்ஸில் ஒரு பெண், பெயர் வேதவல்லி. கட்டுப்பாட்டு அறை என்னோடு இணைத்தது.
"காத்து நின்னுபோச்சுக்கா. வெயில்கூட அடிக்குது. ஆம்பளைங்க எல்லாம் கரையில கட்டுன போட்டப் பாக்கக் கெளம்புறாங்க. டிவியில ஒண்ணும் தெரியல."
"விடாதீங்க. புயலோட கண்ணு உங்க தலைக்கு மேல நிக்குது. மறுபடி அடிக்கும்."
"நான் சொன்னா யாரு கேக்குறா? எங்க வீட்டுக்காரரே வாசல்ல நிக்குறாரு. படத்துல காட்டுனாத்தான் நம்புவாங்க."
டிஷ் காற்றில் திரும்பியிருந்தது. மாடிக்குப் போகச் சொன்னேன். கொஞ்சம் கிழக்கே, இன்னும் கொஞ்சம். "வந்துச்சு. போயிடுச்சுக்கா." இம்முறை கோளாறு அவளுடைய டிஷ்ஷில் இல்லை. ஒளிபரப்பும் கருவிக்கு இங்கே மின்சாரம் போதவில்லை.
மீட்புக் கலத்தின் பேட்டரியைக் கழற்றி அதில் இணைத்தேன். அது இல்லாமல் கலம் கிளம்பாது. ரொம்ப யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை.
"தெரியுதுக்கா. வட்டமா சுத்துது, நடுவுல ஓட்ட. நம்ம ஊரு அந்த ஓட்டக்குள்ள இருக்கு." பிறகு யாரிடமோ, "பாத்தீங்கல்ல? உள்ள வந்து கதவச் சாத்துங்க."
அதற்குப் பிறகு வயர்லெஸ்ஸில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

23 நவம்பர், காலை
வேதவல்லி: "எல்லாரும் இருக்கோம்க்கா. போட்டு ஒண்ணுகூட மிஞ்சல. நீங்க எங்கேருந்து பேசுறீங்க, மெட்ராஸா?"
ஆமாம் என்றேன்.
சிவநேசன், அடுத்த கலம் பொங்கலுக்குப் பிறகுதான் என்றார். அதுவரை இங்கே மின்சாரம் இருக்காது.

23 நவம்பர்
இரவு. வெடிப்பு விழுந்திருந்த தகடும் முழுவதும் போய்விட்டது. ஒளிபரப்பு இல்லை. இந்தப் பதிவும் நேயர் கேள்விகள் வரும் கருவியும் மட்டும் ஒரு சின்ன பேட்டரியில் ஓடுகின்றன. சுவரெல்லாம் என் மூச்சு உறைந்து கிடக்கிறது. விரல் மடங்கவில்லை.
ஒரு கேள்வி வந்திருக்கிறது, போடியிலிருந்து. "ஒரு சேனலும் வரலைங்க. எங்க வீட்டு டிஷ்ஷுல கோளாறா?"
பதில்: டிஷ்ஷைத் தொட வேண்டாம். கோளாறு உங்கள் பக்கம் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, சேனல்களை மறுபடி