கொடியிலிருந்து துப்பாக்கியை எடுத்த மகனுக்கு

முயெடா,
ஜூலை மாதம்.

அன்பு மகன் செலஸ்தீனோவுக்கு அம்மா ரொசாரியா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், லிஸ்பனில் நீயும் மருமகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மேட்டில் நல்ல குளிர், பனிமூட்டம் உச்சிப்பொழுதுக்குத்தான் விலகுகிறது, மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது. உன் மாமா அன்செல்மோவுக்குத்தான் சுகமில்லை, தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. ஊரார் யாராவது போனில் வேறு மாதிரிச் சொல்வதற்குள் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புஸ்தகமும் மண்வெட்டியும் துப்பாக்கியும் உள்ள நம் மொசாம்பிக் கொடிக்குப் புதுப்படம் கேட்கிறார்கள் என்று நீ வரைந்து அனுப்பினாயே, அதன் நகலை எனக்கும் அனுப்பியிருந்தாய். மாமா அதை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் அக்கா மகன் போட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினான். சுதந்திர தினத்தன்று காலையில் கொடியேற்றி முடிந்ததும் பழைய போராளிகள் நாங்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து சோளக்கள் குடித்துக்கொண்டிருந்தோம். அங்கேயும் கொண்டுவந்து விரித்தான். நுச்சுமாலி பெரியப்பாதான் முதலில் பார்த்தார். சண்டைக்காலத்தில் எங்கள் படைக்குத் தலைவர் அவர், தொடையில் குண்டு பட்ட என்னை முதுகில் சுமந்து ரொவுமா ஆற்றைக் கடந்தவர், உனக்குத் தெரியும். "புஸ்தகம் இருக்கு, மண்வெட்டி இருக்கு, துப்பாக்கி எங்கடா?" என்று கேட்டார். "அந்த எடத்துல சோளக்கதிர் போட்டிருக்கான் அண்ணே" என்றான் மாமா. "சோளக்கதிரைக் காட்டியா போர்ச்சுக்கீசியன விரட்டுனோம்?" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருக்கலாம்.

மாமா சிரிக்கவில்லை. அவன் எங்களோடு காட்டில் இருந்தவன் இல்லை, தெற்கே தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவன். விடுதலைக்குப் பிறகு வந்த சண்டையில் ஆயுதக் கும்பல் தோட்டத்துக்குள் புகுந்து அவன் காதை அறுத்தது, அவன் மனைவியை இழுத்துப்போனது, அவள் திரும்பவே இல்லை. "ஒங்களுக்கு அது கொடியில இருக்குற துப்பாக்கி, எனக்கு அது எம் பொண்டாட்டி நெத்தியில வெச்ச துப்பாக்கி, அதே வளைஞ்ச தோட்டாப்பெட்டி, அதே கட்டை" என்றான். குடித்திருந்த பெரியப்பா, "நாங்க காட்டுல செத்துக்கிட்டிருந்தப்போ தேயிலை பறிச்சவன் நீ, ஒத்தக் காதுக்கு இம்புட்டு அழுகையா, மிச்சத்தையும் எடுத்துரவா?" என்று கேட்டார். மாமா கள்ளுச் சட்டியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான். அப்புறம் மரத்தடியில் இருந்தவர்கள் மனிதர்களாக இல்லை. மாமாவைக் கீழே தள்ளி மிதித்தார்கள், பெரியப்பாவின் பூட்ஸ் வாயில் இறங்கியபோது தாடை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, பல்லும் ரத்தமும் புழுதியில் கிடந்தன. விடுவார் என்று பார்த்தேன், அவர் அரிவாளை உருவிக்கொண்டு மாமாவின் மார்பில் உட்கார்ந்து மிச்சமிருந்த காதைப் பிடித்தார். கொடிக்கம்பத்தடியைக் காலையில் செதுக்கிய மண்வெட்டி பக்கத்தில் சாய்ந்திருந்தது. அதைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அவர் முன்கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு தோலைக் கிழித்து வெள்ளையாக வெளியே வந்தது, அரிவாள் விழுந்தது. ஆற்றில் என்னைப் பிடித்திருந்த கை அது. வருத்தப்படுகிறேன் என்று எழுதமாட்டேன், அரிவாள் காதின்மேல் இருந்தது.

போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது பெரியப்பா, "கள்ளு குடிச்சேன், வழுக்கி மண்வெட்டி மேல விழுந்துட்டேன்" என்றார். அப்போ இவன் வாய் என்னவாயிற்று என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, "அவன் மேலயும் நாந்தான் விழுந்தேன்" என்றார். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. நான் கஞ்சி கொண்டுபோய் மாமாவுக்குக் குழாயில் விடுகிறேன், பெரியப்பாவுக்கு ஊட்டுகிறேன். ஒருநாள் ஊட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ரொசாரியா, ஒம்மவன் நம்மள அழிச்சுட்டானா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது கவர்னர் பேச வருகிறார் என்று உன் தாத்தா துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். ஊரே கூடி நின்று விடுதலை கேட்டது, கூட்டத்தில் எங்களைச் சுற்றி ஒருவர் கையிலும் தடிகூட இல்லை. போர்ச்சுக்கீசியச் சிப்பாய்கள் சுட்டார்கள். தாத்தா என்மேல் விழுந்தார், அவர் ரத்தம் என் வாய்க்குள் போனது, அவர் உடம்புக்குக் கீழேதான் நான் பிழைத்தேன். அதனால் பிற்பாடு காட்டில் என் கையில் துப்பாக்கியைக் கொடுத்தபோது எனக்குப் பயமாக இல்லை, பட்டினி கிடந்தவளுக்குச் சோறு போட்டதுபோல் இருந்தது. உன் மாமாவுக்கும் அதே துப்பாக்கிதான், ஆனால் அவன் அதன் மறுமுனையில் நின்றவன். அவன் சொன்னதும் பொய்யில்லை. விடுதலையன்று ஏற்றியபோது கொடியில் பட்டைகள் சாய்ந்திருந்தன, பிறகு நேராக்கினார்கள், பல்சக்கரத்தை வைத்தார்கள், எடுத்தார்கள், அதற்காக இங்கே யாரும் யார் தாடையையும் உடைக்கவில்லை. துப்பாக்கி போனால் போகட்டும் என்று சொன்னேன். மறுநாள் பெரியப்பா படத்தைக் கேட்டு வாங்கி, ரத்தக்கறை காய்ந்திருந்ததைச் சுரண்டிவிட்டுப் பார்த்தார். "நம்மூருச் சோளம் இம்புட்டுக் கொழுக்காதுடா" என்று பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொன்னார். மாமா சிரிக்கப்போய் வலியில் அலறிவிட்டான்.

உன் படம் தேர்வாகுமோ ஆகாதோ, அது பெரியவர்கள் பாடு. நான் கேட்பது ஒன்றுதான். பச்சை வயலுக்கு, கறுப்பு இந்தக் கண்டத்துக்கு, மஞ்சள் மண்ணுக்கடியில் இருப்பதற்கு, வெள்ளை சமாதானத்துக்கு என்று பள்ளியில் ஒப்பித்தாயே, அவை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் கதிருக்கு இடம் வேண்டுமென்று ஓரத்தில் போராட்டத்துக்கென்று இருக்கிற சிவப்பு முக்கோணத்தைச் சிறிதாக்கியிருக்கிறாய். அதைப் பழைய அளவுக்கே வரைந்து திரும்ப அனுப்பு.

மாமாவுக்குப் போன் செய், அவனால் பேச முடியாது, கேட்பான். பெரியப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசு. குளிர்காலம் வருமுன் மருமகளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கு. தாத்தாவின் ஆவி உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும், உங்கள் வாசலில் ஒருநாளும் பூட்ஸ் சத்தம் கேட்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரொசாரியா ம்பலூமே